வலி மாத்திரை எடுக்கும் நேரத்தை மாற்றினால் பிபி ஏறுவது குறையுமா?

மருந்துச்சீட்டு கேட்டது:

கவுண்டரில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது. தெளிவான பதில் வேண்டும் என்பதால் ஒரு மாதிரிச் சீட்டோடு கேட்கிறேன்.

வயது 61, முழங்கால் மூட்டுத் தேய்மானம். காலை 8 மணிக்கு டெல்மிசார்ட்டன் 40 மி.கி.யும் ஹைட்ரோகுளோரோதயசைடு (தயசைடு வகை நீர் மாத்திரை) 12.5 மி.கி.யும் சேர்ந்த ஒரே பிபி மாத்திரை. அதோடு ஆஸ்பிரின் 75. இப்போது வலிக்கு இப்யூபுரூஃபென் 400 மி.கி. மூன்று வேளை, சாப்பாட்டுக்குப் பின். வலி மாத்திரைக்கு முன் வீட்டில் எடுத்த அளவுகளின் சராசரி 132/80. பத்தாம் நாள் 143/86.

இந்த நிலையில் மூன்று யோசனைகள் சொல்லப்படுகின்றன. பிபி மாத்திரைக்கும் வலி மாத்திரைக்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுவது. பிபி மாத்திரையை இரவுக்கு மாற்றுவது. வலி மாத்திரையை இரவில் மட்டும் எடுப்பது. மருந்தியல் கணக்கில் இதில் எதற்குப் பொருள் இருக்கிறது? இல்லை, பேசாமல் டெல்மிசார்ட்டனை 80 ஆக்கிவிட வேண்டியதுதானா?

---

நெஃப்ரான்_10லட்சம்:

இரண்டு மணி நேர இடைவெளியை முதலில் தள்ளிவிடுங்கள். இரும்புச் சத்து மாத்திரையையும் தைராய்டு மாத்திரையையும் தள்ளித் தள்ளிப் போடச் சொல்வது வயிற்றுக்குள் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும் என்பதற்காக. இங்கே அந்தச் சண்டையே இல்லை. இரண்டும் தனித்தனியாக ரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தில் போய்த்தான் மோதுகின்றன. எட்டு மணிக்கு ஒன்றும் பத்து மணிக்கு ஒன்றும் போட்டாலும் மோதல் மோதல்தான்.

நடப்பது இதுதான். சிறுநீரகம் தன் தேவைக்குத் தானே புரோஸ்டாகிளாண்டின் செய்துகொள்கிறது. அது வடிகட்டிக்குள் ரத்தம் நுழையும் குழாயைத் திறந்து வைக்கும். சோடியம் திரும்ப உறிஞ்சப்படுவதையும் கட்டுக்குள் வைக்கும். இப்யூபுரூஃபென், டைக்ளோஃபெனாக், நாப்ராக்சென் எல்லாம் சைக்ளோஆக்சிஜனேஸ் நொதியை அடைப்பதால் வலி குறைகிறது, கூடவே இந்த வேலையும் நிற்கிறது. உப்பு தங்கும், உப்போடு தண்ணீர் தங்கும், ரத்தக்குழாயும் கொஞ்சம் இறுகும். மாத்திரை போட்ட அரை மணியில் ஏறி, அது இறங்கியதும் தானும் இறங்கிவிடும் ஏற்றம் இல்லை இது. நாள்கணக்கில் சேரும் உப்பின் கணக்கு. பத்தாம் நாள் அளவு கூடியிருப்பது அதனால்தான்.

டெல்மிசார்ட்டன் ஏன் தளர்ந்தது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அழுத்தத்தை ஏற்றும் சங்கிலியைச் சிறுநீரகம் ரெனின் என்ற சுரப்பால்தான் தொடங்கி வைக்கிறது, சார்ட்டன் தடுப்பது அந்தச் சங்கிலியைத்தான். ரெனின் சுரக்க அதே புரோஸ்டாகிளாண்டின் வேண்டும். வலி மாத்திரை ரெனினையும் அடக்கிவிடுகிறது. ரெனின் குறைந்து உப்பு தேங்கிய உடம்பில் சார்ட்டன் வகைக்கோ, அதே சங்கிலியைத் தடுக்கும் ஏசிஇ தடுப்பான்களுக்கோ தடுப்பதற்கு அதிகம் மிச்சமில்லை. நீர் மாத்திரை உப்பை வெளியே தள்ளப் பார்க்கும், வலி மாத்திரை உள்ளே இழுக்கும். அம்லோடிபின் மாதிரி பிபி மருந்து நேராக ரத்தக்குழாய்ச் சுவரின் தசையில் வேலை செய்வதால் இந்த இழுபறியில் அவ்வளவாகச் சிக்காது. உயர் அழுத்தம் உள்ளவர்களுக்குச் சராசரி ஏற்றம் 3 முதல் 5 மி.மீ. என்பார்கள். சராசரி என்பதை மறக்கக் கூடாது. சிலருக்கு ஒன்றுமே ஆகாது, சிலருக்கு 10-ஐத் தாண்டும். உங்கள் மாதிரிச் சீட்டு இரண்டாவது ரகம்.

ஆனால் இந்தச் சீட்டைப் பார்த்ததும் எனக்குப் பிபி இரண்டாவதாகத்தான் கண்ணில் படுகிறது. சார்ட்டன், நீர் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் ஒரே ஆளுக்கு. வலி மாத்திரை வடிகட்டியின் நுழைவாயிலைச் சுருக்கும். சார்ட்டன் வெளிவாயிலைத் தளர்த்தும். நீர் மாத்திரை ஓடும் அளவையே குறைக்கும். வடிகட்டுவதற்கான அழுத்தம் எங்கிருந்து வரும்? திடீர் சிறுநீரகப் பாதிப்புக்கு ஆபத்து கூடுதல் முதல் 30 நாளில்தான். வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சலில் சரியாகச் சாப்பிடாத நாள் என்று ஏதாவது வந்தால் அன்று வலி மாத்திரை கண்டிப்பாக வேண்டாம். சார்ட்டனையும் நீர் மாத்திரையையும் அன்று என்ன செய்வது என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். வாந்தி எடுத்துக்கொண்டிருக்கும்போது போன் போட்டுக் கேட்பது நடக்காத காரியம்.

தவிர்க்கவே முடியாமல் இந்த மூன்றும் தொடர்ந்தால் ஒன்று இரண்டு வாரத்துக்குள் ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு), பொட்டாசியம் இரண்டையும் பார்க்க வேண்டும். தயசைடு பொட்டாசியத்தை இறக்குமே என்று விட்டுவிடக் கூடாது. சார்ட்டனும் வலி மாத்திரையும் சேர்ந்து ஏற்றுவதை அது சமன் செய்யும் என்று உறுதி இல்லை.

---

மாத்திரைப்பெட்டி:

மேலே சொன்னதில் ஒரு விஷயத்தைச் சேர்க்கிறேன். நேரத்துக்கு இங்கே வேலையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. எத்தனை மணிக்கு என்பதைவிட, இருபத்துநாலு மணி நேரத்தில் எவ்வளவு நேரம் சிறுநீரகத்துக்கு ஓய்வு கிடைக்கிறது என்று கேட்க வேண்டும்.

இப்யூபுரூஃபெனின் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் மருந்து பாதியாகக் குறையும் நேரம், சுமார் 2 மணி. டைக்ளோஃபெனாக்கும் அதே ரகம், 1 முதல் 2 மணி. இவை நொதியை நிரந்தரமாக அடைப்பதில்லை, பிடித்துவிட்டு விட்டுவிடும். காலை 8-க்கு ஒரு 400 போட்டால் மாலை 6-க்குள் ஏறக்குறைய போய்விடும். சிறுநீரகம் அன்று இரவே தேங்கிய உப்பைத் தள்ள ஆரம்பிக்கலாம். அதையே காலை 8, மதியம் 2, இரவு 10 என்று பிரித்துப் போட்டால் முழு ஓய்வு கிடைக்கும் நேரம் அநேகமாக இல்லை. வலி பகல் நடையில்தான் என்றால் இரவு வேளையை நிறுத்துவதே பெரிய மாற்றம். மொத்த அளவு 1200-இலிருந்து 800 ஆகிறது, நடுவில் நீளமான இடைவெளியும் கிடைக்கிறது. நேரத்தை மாற்றியது மாதிரித் தெரியும், உண்மையில் டோஸைக் குறைத்திருக்கிறோம்.

இந்தக் கணக்கு நீண்ட நேரம் நிற்கும் மாத்திரைகளுக்கு ஒத்துவராது. நாப்ராக்சென் 12 முதல் 17 மணி, மெலாக்சிகாம் 20 மணி வரை, எட்டோரிகாக்சிப் சுமார் 22 மணி, பைராக்சிகாம் 50 மணி. பைராக்சிகாமைக் காலையில் போடுவதா இரவில் போடுவதா என்று கேட்பது, நிரம்பிய தொட்டியில் குழாயை எத்தனை மணிக்குத் திறந்தோம் என்று கேட்பது மாதிரி.

நேரம் நிஜமாகவே முக்கியமான இடம் இந்தச் சீட்டில் ஒன்று இருக்கிறது, யாரும் கேட்கவில்லை: ஆஸ்பிரின். ஆஸ்பிரின், ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுவில் உள்ள காக்ஸ்-1 (சைக்ளோஆக்சிஜனேஸில் ஒரு வகை) நொதிக்குள் ஒரு குறுகலான பாதை வழியாகப் போய் உட்கார்ந்து நிரந்தரமாகப் பூட்டுப் போட வேண்டும். இப்யூபுரூஃபென் முன்பே அந்தப் பாதையில் நின்றால் ஆஸ்பிரினால் நுழைய முடியாது. ஆஸ்பிரினின் அரை ஆயுளே இருபது நிமிடம் போல. இப்யூபுரூஃபென் வழிவிடும்போது பூட்டுப் போட ஆள் இல்லை. அமெரிக்க மருந்து நிர்வாகம் 2006-இல் சொன்னது: சாதாரண ஆஸ்பிரின் போட்டுக் குறைந்தது 30 நிமிடம் கழித்து இப்யூபுரூஃபென் 400, அல்லது ஆஸ்பிரினுக்கு 8 மணி நேரத்துக்கும் மேலாக முன்னால். இது எப்போதாவது ஒரு மாத்திரை போடுபவர்களுக்கு. மூன்று வேளை தொடர்ந்து போடுபவருக்கு நேற்று இரவு போட்டதே காலை ஆஸ்பிரினுக்கு இடைஞ்சல். குடலில் கரையும் மேற்பூச்சு உள்ள ஆஸ்பிரினுக்கு இந்த 30 நிமிடக் கணக்கும் செல்லாது, அது எப்போது கரையும் என்று சொல்ல முடியாது. ஆக இங்கே நேரத்தை மாற்றி எதையும் சரிக்கட்ட முடியாது, மருந்தைத்தான் மாற்ற வேண்டும்.

---

மருந்துச்சீட்டு:

நன்றி, இருவருக்கும். ஆஸ்பிரின் பக்கம் என் கவனம் போகவே இல்லை. அப்படியானால் பிபி மாத்திரையை இரவுக்கு மாற்றுவது? "ராத்திரி போட்டால் இதயத்துக்கு நல்லது" என்று கேட்டு வருபவர்கள் நிறைய. அப்புறம், வலிக்குப் பாராசிட்டமாலுக்கு மாற்றினால் பிபி தொல்லை தீர்ந்தது என்று எடுத்துக்கொள்ளலாமா?

---

வெள்ளைக்கோட்டு_ஏற்றம்:

இரவு மாத்திரை பற்றி முதலில். பிரிட்டனில் 21 ஆயிரம் பேருக்கு மேல் வைத்து நடந்த டைம் ஆய்வு 2022-இல் வெளியானது. பிபி மாத்திரையைக் காலையில் எடுத்தவர்களுக்கும் மாலையில் எடுத்தவர்களுக்கும் மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் ஆகியவற்றில் வித்தியாசம் இல்லை. மறக்காமல் போடும் நேரமே நல்ல நேரம். அதிலும் டெல்மிசார்ட்டன் ஒரு நாள் முழுக்க நிற்கும் மருந்து. நீர் மாத்திரை சேர்ந்ததை இரவில் போட்டால் தூக்கத்தில் எழுந்து கழிப்பறைக்கு நடக்க வேண்டும். முழங்கால் வலிக்காரர் இருட்டில் நடப்பது தேவையா?

ஒன்று மட்டும் இரவோடு சம்பந்தப்பட்டது. ஆரோக்கியமான உடம்பில் தூங்கும்போது அழுத்தம் பகலைவிட 10 முதல் 20 சதவீதம் இறங்கும். பகலில் சேர்ந்த உப்பைச் சிறுநீரகம் பகலிலேயே தள்ளி முடிக்காவிட்டால், மீதியைத் தள்ள இரவிலும் அழுத்தம் தேவைப்படுகிறது, இறக்கம் மழுங்குகிறது. உப்பைக் குறைத்தாலோ நீர் மாத்திரை கொடுத்தாலோ சிலருக்கு இரவு இறக்கம் திரும்பி வருவது இதனால்தான். வலி மாத்திரை உப்பைத் தேக்குவதால், பகலில் எடுக்கும் ஒற்றை அளவு அழகாக இருந்தும் இரவில் அளவு இறங்காமல் நிற்க வாய்ப்புண்டு. சந்தேகம் இருந்தால் 24 மணி நேரக் கருவி கட்டிப் பார்ப்பது ஒன்றே வழி.

அந்தக் கருவியைக் கட்டிப் பார்த்த ஆய்வு உண்டு. வலி மாத்திரைகளை ஒப்பிட்ட பிரிசிஷன் ஆய்வின் ஒரு பகுதியாக 444 பேர், நான்கு மாதம், 24 மணி நேரச் சராசரி. மேல் அளவு இப்யூபுரூஃபெனில் 3.7 மி.மீ. ஏறியது, நாப்ராக்செனில் 1.6, செலகாக்சிபில் ஏறவில்லை, 0.3 இறங்கியது. ஆரம்பத்தில் பிபி சரியாக இருந்தவர்களில் புதிதாக உயர் அழுத்தம் வந்தவர்கள் முறையே 23.2, 19.0, 10.3 சதவீதம். எந்த மருந்து என்பது எத்தனை மணிக்கு என்பதைவிட எவ்வளவு பெரிய விஷயம் என்று இதில் தெரியும். ஒரு குறிப்பு: அங்கே இப்யூபுரூஃபென் நாளுக்கு 2000 மி.கி.யை ஒட்டிய டோஸ், செலகாக்சிப் 200-ஐ ஒட்டியது. இதைப் படித்துவிட்டு எல்லாருக்கும் செலகாக்சிப் என்று கிளம்பிவிடாதீர்கள். ஆஸ்பிரின் ஏன் போடுகிறார் என்று கேளுங்கள். ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்ததற்காக என்றால் ஐரோப்பிய விதிப்படி செலகாக்சிபும் கூடாது, டைக்ளோஃபெனாக் மாத்திரையும் கூடாது.

பாராசிட்டமாலுக்கு வருவோம். "பிபிக்குப் பாதுகாப்பு" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லி வந்தோம். எடின்பரோவில் உயர் அழுத்தம் உள்ள 110 பேருக்கு நாளுக்கு 4 கிராம், இரண்டு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள், 2022-இல் முடிவு வந்தது. வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டால் மேல் அளவு ஏறக்குறைய 5 மி.மீ. கூடியது. தலைவலிக்கு ஒன்றிரண்டு போடுபவர் கவலைப்பட வேண்டாம். தினமும் முழு டோஸ், மாதக்கணக்கில் என்றால் அவரையும் வலி மாத்திரைக்காரர் மாதிரியே அளந்து பார்க்க வேண்டும். குறைந்த டோஸ், தேவைப்படும் நாளில் மட்டும்.

பாராசிட்டமாலில் யாரும் பார்க்காத பொறி, தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் வகை. அந்த நுரை சோடியம் பைகார்பனேட்டால் வருவது. ஒரு 500 மி.கி. மாத்திரையில் சோடியமே 400 மி.கி. அளவில் இருக்கும். நாளுக்கு எட்டு போட்டால் 3200 மி.கி. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கே 2000-க்குள் இருக்கச் சொல்கிறது. சாப்பாட்டில் உப்பைக் குறைத்துவிட்டு டம்ளரில் குடித்துக்கொண்டிருப்பார்கள். அட்டையின் பின்பக்கம் சோடியம் அளவு போட்டிருக்கும், கண்ணாடி போட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு முழங்கால்தான் பிரச்சினை என்றால் எனக்கு முதல் தேர்வு டைக்ளோஃபெனாக் ஜெல். மாத்திரையோடு ஒப்பிட்டால் ரத்தத்தில் சேர்வது சுமார் 6 சதவீதம். 1 சதவீத ஜெல் முழங்காலுக்கு 4 கிராம், நாளுக்கு நான்கு தடவை. பட்டாணி அளவு தடவிவிட்டு "ஜெல் வேலை செய்யவில்லை" என்று மாத்திரைக்குத் திரும்புபவர்கள்தான் அதிகம். 4 கிராம் என்பது விரல் நீளத்தைத் தாண்டும் அளவு, டியூபோடு வரும் அளவு அட்டையில் வைத்துப் பார்த்தால் தெரியும். கூடவே அதே மருந்தின் மாத்திரையையும் போடக் கூடாது, சொல்லாவிட்டால் போடுவார்கள்.

---

ஒருவேளைபோதும்:

எட்டோரிகாக்சிப் 60 இரவில் ஒரே வேளை என்று கொடுத்தால் என்ன? காலை விறைப்பும் குறையும், வயிற்றுக்கும் தொல்லை கம்மி, பகல் முழுக்க மருந்து இறங்கிக்கொண்டே வருவதால் பிபிக்கும் நல்லதுதானே.

---

மாத்திரைப்பெட்டி:

காலை விறைப்புக்கு முதல் நாள் இரவே நீண்ட நேர மருந்து போடுவது சரியான யோசனை, வாத மூட்டழற்சியில் அப்படிச் செய்வதுண்டு. பிபிக்கு நல்லது என்பதுதான் இடிக்கிறது. அரை ஆயுள் 22 மணி என்றால் மறுநாள் இரவு அடுத்த மாத்திரை போடும்போது நேற்றையதில் பாதி இன்னும் உள்ளே இருக்கிறது. ஒரு வாரத்தில் சமநிலைக்கு வந்துவிடும், அதன்பின் பகல் இரவு இரண்டிலும் நொதி அடைபட்டுத்தான் இருக்கும். ஐரோப்பிய மருந்து விவரக் குறிப்பிலேயே இருக்கிறது: பிபி தொடர்ந்து 140/90-க்கு மேல், சரியாகக் கட்டுப்படாதவருக்கு எட்டோரிகாக்சிப் கூடாது. கொடுத்தாலும் இரண்டு வாரத்துக்குள் அளக்க வேண்டும். நம் மாதிரிச் சீட்டுக்கு இது வேண்டவே வேண்டாம்.

---

கைப்பட்டை_22செமீ:

அளக்கும் நேரம் தவறினால் மேலே பேசிய எல்லாமே வீண், அதனால் என் பங்குக்கு அது.

காலையில் எழுந்து ஒரு மணி நேரத்துக்குள், சிறுநீர் கழித்தபின், மாத்திரைக்கும் காபிக்கும் முன். மாலையில் சாப்பாட்டுக்கு முன். முதுகு சாய்ந்து, பாதம் தரையில், கால்மேல் கால் போடாமல், ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கை மேசை மேல், பட்டை இதயத்தின் மட்டத்தில். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு அளவு. இப்படி ஏழு நாள், முதல் நாளைத் தள்ளிவிட்டு மீதி 24 அளவின் சராசரி. வீட்டுச் சராசரிக்கு எல்லை 135/85, ஆஸ்பத்திரி 140/90-ஐ வீட்டுக் கருவியில் வைத்துப் பார்க்கக் கூடாது. பட்டை சிறியதாக இருந்தால் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். மேல் கையின் சுற்றளவை டேப்பால் அளந்து பட்டை மேல் அச்சடித்த அளவுக்குள் வருகிறதா என்று பாருங்கள்.

வலி மிகுந்திருக்கும்போது எடுத்த அளவும் கூடுதலாகத்தான் காட்டும். அதனால் குறிப்பேட்டில் பிபியோடு வலிக்கு 10-க்கு எத்தனை என்று ஒரு பத்தி, போட்ட வலி மாத்திரைக்கு ஒரு பத்தி, எடைக்கு ஒரு பத்தி. உதாரணமாக:

திங்கள் காலை 133/81, வலி 6, மாத்திரை இல்லை, 68.2 கிலோ
வியாழன் காலை 139/84, வலி 3, நேற்று 3 மாத்திரை, 69.0 கிலோ
ஞாயிறு காலை 144/86, வலி 2, நேற்று 3 மாத்திரை, 69.6 கிலோ

வலி இறங்கியிருக்கிறது, பிபியும் எடையும் சேர்ந்து ஏறியிருக்கின்றன. ஆறு நாளில் 1.4 கிலோ கொழுப்பு ஏறாது, அது தண்ணீர். கணுக்காலுக்கு மேல் எலும்பின் மேல் கட்டைவிரலைப் பத்து நொடி அழுத்திப் பாருங்கள். எடுத்தபின் குழி நின்றால் நீர் தேங்குகிறது. அம்லோடிபினும் கணுக்கால் வீக்கம் தரும், ஆனால் அதில் எடை இப்படி ஏறாது. வீக்கத்தோடு மூச்சிரைப்பு, படுத்தால் மூச்சு முட்டல், சிறுநீர் குறைவு என்று வந்தால் குறிப்பேடு நிரப்பிக்கொண்டிருக்க வேண்டாம், அன்றே மருத்துவரிடம். இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு இந்த வகை மாத்திரை ஆரம்பத்திலேயே கூடாது.

இன்னொன்று. சளிக்காக வாங்கிப் போட்ட மாத்திரையையும் பத்தியில் எழுதச் சொல்லுங்கள். மூக்கடைப்புக்கு அதில் சூடோஎஃபெட்ரின் இருந்தால் அதுவே பிபியை ஏற்றும். சிலவற்றில் இப்யூபுரூஃபெனும் சேர்ந்தே இருக்கும், பெயர் தெரியாமல் இரட்டை டோஸ் ஆகிவிடும்.

---

மருந்துச்சீட்டு:

ஆக, டெல்மிசார்ட்டனை 80 ஆக்கும் முன் இப்யூபுரூஃபெனை நிறுத்தி, ஜெல்லும் தேவைக்கு மட்டும் பாராசிட்டமாலும் வைத்து, இரண்டு வாரம் கழித்து ஏழு நாள் சராசரி எடுத்து மருத்துவரிடம் காட்டச் சொல்லலாம், இல்லையா?

---

நெஃப்ரான்_10லட்சம்:

அதேதான். வலி மாத்திரையை நிறுத்தினால் தேங்கிய உப்பு சில நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் இறங்கிவிடும். கிரியாட்டினின், பொட்டாசியம் சோதனையை மட்டும் இரண்டு வாரம் தள்ளாதீர்கள், பத்து நாள் மூன்றும் சேர்ந்து ஓடிவிட்டது. ஆஸ்பிரினை அவராக நிறுத்தக் கூடாது என்பதையும் சீட்டில் எழுதிவிடுங்கள்.

வேறெங்காவது ஏற்கெனவே 80 ஆக்கிவிட்டு அப்புறம் வலி மாத்திரையை நிறுத்தியவர் வந்தால், அங்கே ஆபத்து எதிர்ப்பக்கம். உப்பு இறங்கியதும் கூட்டிய டோஸ் அதிகமாகிவிடும். உட்கார்ந்து ஓர் அளவு, எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் ஓர் அளவு. நின்றதும் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால், தலை சுற்றல் இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவருக்குச் சொல்லி டோஸைத் திரும்பப் பார்க்க வேண்டும்.